எங்கே செல்க என்போம்?

"சென்று வருக! வென்று வருக!"

பட்டம் பெற்று வெளியேறும் மாணவரை நோக்கி ஆசிரியர் கூறும் வாழ்த்து இது. சொல்ல எளிது, செவிக்கு இனிது. மாலையும் மேடையும் கிடைத்துவிட்டால் எவரும் இதனை முழக்கிவிடலாம். ஆனால், கீழ்புத்துப்பட்டுப் படிப்பகத்தில் அண்மையில் ஒரு மாலைப்பொழுது, அந்த வாழ்த்தைக் கூற எழுந்து நின்ற நாம், முதற்சொல்லையே முடிக்கமாட்டாமல் அமர்ந்தோம். சொல் பஞ்சமா? இல்லை. நா தழுதழுத்ததா? அதுவும் காரணமன்று. "செல்க" என்று சொல்லுமுன், "எங்கே?" என்றொரு வினா எழுந்து நம்மை நிறுத்திற்று. அந்த வினாவைத் தோழர்கள்முன் வைக்கவே இக்கட்டுரை.

சென்னையிலிருந்து புதுவை செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பயணம் செய்தவர்கள் நம் ஊரைக் கண்டிருப்பார்கள், கண்டதை மறந்துமிருப்பார்கள். விழுப்புரம் மாவட்டம், மரக்காணம் வட்டம். வடக்கே மரக்காணத்து உப்பளங்கள், வெயிலில் கண்ணைப் பறிக்கும் வெள்ளைப் பாத்திகள். காக்கிநாடாவில் தொடங்கிய பக்கிங்காம் கால்வாய் தன் நெடும்பயணத்தை முடித்துக்கொள்வதும் அங்கேதான். தெற்கே, கைக்கெட்டும் தொலைவில், காலாப்பட்டில் 1985-இல் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகம். கிழக்கே கடல். இடையே அய்யனார் கோயிலும், அதனைச் சூழ்ந்த பழங்காடும். இவற்றோடு, வேகமாகச் செல்லும் ஊர்திகளில் இருப்போர் திரும்பிப் பாராத ஒன்றும் உண்டு: ஈழத்திலிருந்து ஏதிலிகளாய் வந்த நம் உடன்பிறப்புகள் வாழும் முகாம்.

இப்பகுதிப் பள்ளி ஒன்றில் ஆசிரியப் பணி ஆற்றுகிறோம் நாம். கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவர், வயது இருபத்தேழு. பணியேற்ற புதிதில், பதினோராம் வகுப்பில் நம்முன் அமர்ந்திருந்த சிறுவரும் சிறுமியரும் இன்று நம் தோளுக்குமேல் வளர்ந்து, பட்டம் பெற்று நிற்கிறார்கள். இவ்வாண்டு ஏழு பேர். மூவர் உப்பளத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், இருவர் மீனவர் குப்பத்தவர், இருவர் முகாமினர். எழுவருக்கும் ஒரு வழியனுப்பு விழா எடுப்பதென்று படிப்பகத் தோழர்கள் முடிவு செய்தனர். விழா என்றால் பந்தலும் தோரணமும் அல்ல. இருபது நாற்காலி, ஒரு மேசை, குவளைகளில் தேநீர். சிறப்புரை? நாமே!

சிறப்புரைக்கு நாம் சிறப்பாகவே ஆயத்தம் செய்திருந்தோம். வரலாறு படித்தவரல்லவா? ஆசிரியரும் மாணவரும் பிரிந்த காட்சிகளைத் தேடித் தொகுத்திருந்தோம்.

1911-ஆம் ஆண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1898 முதல் பதின்மூன்று ஆண்டுகள் தமிழ் கற்பித்த மறைமலையடிகள் கல்லூரியை விட்டு வெளியேறுகிறார். பல்கலைக்கழகம் தமிழைக் கட்டாயப் பாடம் அன்று என ஆக்கியதன் விளைவு அது. மொழிக்கு இடமில்லாதபோது மொழியாசிரியருக்கு ஏது இடம்? அவர் பல்லாவரம் சென்றார், தனித்தமிழ் வளர்த்தார்.

1921-ஆம் ஆண்டு. மைசூர் மகாராசா கல்லூரியிலிருந்து கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்குச் செல்கிறார் பேராசிரியர் இராதாகிருட்டிணன். மாணவர்கள் வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்து விட்டுத் தாமே இழுத்துச் சென்று, இரயில் நிலையத்தில் ஆசிரியரை வழியனுப்புகின்றனர். அவர் பிறந்த செப்டம்பர் 5-ஆம் நாளைத்தான் 1962 முதல் ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறோம்.

இவற்றையெல்லாம் கூறிவிட்டு, "அன்று ஆசிரியர் சென்றார், மாணவர் நின்றனர். இன்று மாணவர் செல்கிறீர்கள், ஆசிரியர் நிற்கிறோம். கழுவேலி நீர்ப்பரப்புக்கு வந்து தங்கி, பருவம் முடிந்ததும் வானளந்து செல்லும் பறவைகளைப்போல, பறந்து செல்லுங்கள்! நாடு உங்களை அழைக்கிறது!" என்று முடிப்பதாகத் திட்டம். எழுதிப் படித்துப் பார்த்தபோது நமக்கே பெருமிதமாக இருந்தது. கைத்தட்டல் எந்த இடத்தில் எழும் என்றுகூடக் கணக்கிட்டு வைத்திருந்தோம்!

விழா தொடங்குவதற்குச் சற்று முன், முகாம் மாணவன் ஒருவன் நம்மருகே வந்தான். கையில் பழைய செய்தித்தாளில் நேர்த்தியாகச் சுற்றிய பொதி. பிரித்தோம். உள்ளே நான்கு நூல்கள். நாம் கொடுத்தவைதாம்! பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஆண்டில், "பட்டப்படிப்போடு இதனையும் படி, பணியாளர் தேர்வாணையத் தேர்வு எழுது, இருபத்திரண்டு வயதில் அரசுப் பணியில் அமர்ந்துவிடுவாய்" என்று சொல்லி அவனுக்கு நாம் வாங்கித் தந்த போட்டித் தேர்வு நூல்கள். வகுப்பிலேயே கூர்த்த அறிவினன் அவன். அதனால் அவனுக்கு மட்டும் தனியே தந்தோம், ஆண்டுதோறும் "எதுவரை படித்திருக்கிறாய்?" என்று வினவவும் செய்தோம்.

"ஏன் திருப்பித் தருகிறாய்? தேர்வு எழுதவில்லையா?" என்றோம்.

"நான் எழுத முடியாது ஐயா" என்றான் அவன். குரலில் வருத்தமில்லை, மழை வரும் என்பதுபோல் சொன்னான். "விண்ணப்பத்தில் குடியுரிமை கேட்பார்கள். என்னிடம் அது இல்லை."

"இது உனக்கு எப்போது தெரியும்?"

"நீங்கள் நூல்களைத் தந்த அன்றே தெரியும், ஐயா."

"அன்றே சொல்லியிருக்கலாமே!"

அவன் சற்றே தயங்கினான். "நீங்கள் மகிழ்ச்சியோடு தந்தீர்கள். அதனால் வாங்கிக்கொண்டேன். படிக்கவும் நன்றாக இருந்தது."

தோழர்களே! அந்த நொடியில் நம் நிலையை எண்ணிப் பாருங்கள். இருக்கையின்றி நிற்பவனுக்கு நான்கு ஆண்டுகள் விருந்தின் சுவையை விரித்துரைத்திருக்கிறோம்! கதவே இல்லாத சுவரைக் காட்டித் "தட்டு, திறக்கும்" என்றிருக்கிறோம்! அவனோ, நம் அறியாமை நமக்குத் தெரிந்துவிடக்கூடாதே என்று நம்மைக் காத்திருக்கிறான். வரலாறு கற்பிக்கும் நாம், பிரெஞ்சுப் புரட்சியைப் படித்தோம். வகுப்பின் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்த வரலாற்றைப் படிக்கத் தவறினோம்.

நூல்களைப் புரட்டினோம். பக்கந்தோறும் ஓரங்களில் எழுதுகோல் குறிப்புகள். கணக்குகளுக்கு எளிய வழிகள். கையெழுத்து அவனுடையது, ஆனால், குறிப்புகள் தனக்கென எழுதியவையல்ல, பிறருக்குச் சொல்லிக்கொடுக்க எழுதியவை. "இதனை இரண்டு முறை விளக்கவும்" என்று ஓரிடத்தில் இருந்தது. யாருக்கு?

விடை அதே அறையில் இருந்தது. அந்த எழுவரில் ஒருத்தி, உப்பளத் தொழிலாளியின் மகள். தாயும் தந்தையும் விடியுமுன் பாத்தியில் இறங்கி, வெயில் ஏறும்வரை பலகையால் உப்பு வாருபவர்கள். தை தொடங்கி மழை தொடங்கும்வரை வேலை. ஐப்பசி அடைமழை வந்துவிட்டால் பாத்தியும் கரையும், அடுப்பும் அணையும். அக்குடியிலிருந்து கல்லூரி வாயில் மிதித்த முதற்பெண் அவள். திண்டிவனம் அரசு கலைக் கல்லூரிக்கு நாள்தோறும் பேருந்து. பேருந்துச் செலவுக்கும் ஏட்டுச் செலவுக்கும், அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் கைகொடுத்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கப்பட்ட திட்டம் அது. அவள் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வு எழுதினாள், தேறினாள். விரைவில் இளநிலை உதவியாளராக ஓர் அலுவலகத்தில் அமர்வாள்.

அவளுக்குக் கற்பித்தவன் அவன். அவளுக்கு மட்டுமன்று, மாலைதோறும் இதே படிப்பகத்தில் ஐந்தாறு பேருக்கு. தான் எழுத முடியாத தேர்வுக்குப் பிறரை ஆயத்தம் செய்திருக்கிறான். நாம் தந்த நூல்கள் வீணாகவில்லை. நாம் எண்ணிய வழியில் பயன்படவில்லை, அவ்வளவே.

இந்நிலையில்தான் நம் பெயரைச் சொல்லிப் பேச அழைத்தார்கள். எழுந்தோம். மறைமலையடிகளைப் பற்றியும் மைசூர் வண்டியைப் பற்றியும் கூறினோம். "பறந்து செல்லுங்கள்" என்ற இடத்தை அடைந்தோம். கண் அவன்மேல் சென்றது. கழுவேலிக்கு வரும் பறவையிடம் எவரும் சான்றிதழ் கேட்பதில்லை. 2021-இல் அரசு அந்நீர்ப்பரப்பைப் பறவைகள் புகலிடம் என்றே அறிவித்துவிட்டது. இவனோ, குறித்த நாளில் கணக்கெடுக்க அதிகாரி வரும்போது முகாமில் நின்று கையொப்பமிட வேண்டியவன். இவனையா "பற" என்பது? "நாடு அழைக்கிறது" என்று இருந்தது அடுத்த வரி. எந்த நாடு? நாம் அமர்ந்துவிட்டோம். கைத்தட்டல் எழவில்லை.

விழா முடிந்ததும் அவனுடைய பாட்டி நம்மிடம் வந்தார். எண்பதை நெருங்கும் முதுமை. "தம்பி, பேரன் படிச்சு முடிச்சிட்டான். நீங்கதான் படிக்க வச்சீங்க. இனி எங்கே போவான்னு நீங்களே சொல்லுங்க" என்றார். குறை கூறவில்லை, நமக்குத் தெரியும் என்று நம்பிக் கேட்டார்.

அந்த மூதாட்டியின் வாழ்வைக் கேட்டறிந்தோம். அவருடைய பாட்டனார் திருச்சிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர். காட்டை அழித்து, மலையைத் திருத்தி, தளிர் பறித்து, அட்டைக்குக் குருதி கொடுத்து, அயலான் கோப்பையை நிரப்பிய மக்களின் வழிவந்தவர் அவர். 1948-இல் விடுதலை பெற்ற இலங்கை, அதே ஆண்டு ஒரு குடியுரிமைச் சட்டம் இயற்றி, மலையகத் தமிழரை நாடற்றோராக்கிற்று. அப்போது இவர் கைக்குழந்தை! தாய்ப்பால் மறக்குமுன் தாய்நாடு பறிபோயிற்று. 1964-இல் இரண்டு தலைமையமைச்சர்கள், சிறீமாவோவும் சாத்திரியும், ஓர் ஒப்பந்தம் செய்தனர். இந்தியாவுக்கு 5,25,000 பேர். இலங்கைக்கு 3,00,000 பேர். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு. தேங்காயை எண்ணிப் பங்கிடுவதுபோல் மக்களை எண்ணிப் பங்கிட்டனர். 1977-இல் இனக்கலவரம், இவர் குடும்பம் மலையை விட்டு வவுனியாவுக்கு ஓடிற்று. 1983-இல் பெரும் நெருப்பு. 1990-இல் படகேறி இராமேசுவரம், மண்டபம், பின் இந்த ஊர். மூன்று தலைமுறைக்குமுன் புறப்பட்ட மண்ணுக்கே திரும்பி வந்திருக்கிறார், ஏதிலி என்ற பெயரோடு!

பேரன் பிறந்தது 2004-இல், இதே விழுப்புரம் மாவட்டத்தில். பிறப்புச் சான்று தந்தது தமிழ்நாட்டு அரசு. அவன் இலங்கையைப் படத்தில் கண்டிருக்கிறானேயன்றிப் பாதம் வைத்ததில்லை. எனினும் அவன் இந்தியக் குடிமகன் அல்லன். ஏன்? 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், பின்னர் செய்யப்பட்ட திருத்தங்களின்படி இவ்வாறு சொல்கிறது: 1950 சனவரி 26 முதல் 1987 சூலை 1-க்கு முன்புவரை இந்திய மண்ணில் பிறந்தவர், பிறப்பாலேயே குடிமக்கள். அதற்குப் பின் பிறந்தவர் என்றால், பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாக இருத்தல் வேண்டும். 2004 திசம்பர் 3-க்குப் பின் பிறந்தவர்க்கு விதி இன்னும் கடியது.

இதன் பொருள் யாது? 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணி, நீதிமன்றம் சென்று தம் உரிமையை நிலைநாட்டி, 2024 நாடாளுமன்றத் தேர்தலில் திருச்சிக் கொட்டப்பட்டு முகாமிலிருந்து சென்று வாக்களித்தார். நாடே அதனைச் செய்தியாய்ப் படித்தது. 1987 சூலை 1-க்குப் பின் பிறந்திருந்தால் அவர் விரலில் மை ஏறியிராது. ஒரே கூரை, ஒரே கஞ்சி, ஒரே கண்ணீர். நாள்காட்டியின் தாள் ஒன்று கிழிந்தால் மனிதன் வேறு வகையாகிவிடுகிறான்!

இந்தியா 1951-ஆம் ஆண்டின் ஏதிலியர் உடன்படிக்கையில் கையொப்பமிடவில்லை. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகித்தான், ஆப்கானித்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாட்டாரைப் பேசிற்று, இலங்கையைப் பேசவில்லை. அதே 2019-இல், மலையக வழிவந்த 65 பேரின் வழக்கில், அவர்களுடைய விண்ணப்பங்களைக் கருதிப் பார்க்குமாறு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கூறிற்று. 2025 செப்டம்பரில், 2015 சனவரி 9-க்குமுன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்க்கு, கடவுச்சீட்டின்றித் தங்கியமைக்கான தண்டனையிலிருந்து ஒன்றிய அரசு விலக்கு அளித்தது. நன்று, ஆனால், "உன்னைத் தண்டிக்கமாட்டேன்" என்பது வேறு, "நீ என்னவன்" என்பது வேறு. முன்னது முள்ளை எடுப்பது. பின்னது கையைப் பிடிப்பது.

தமிழ்நாடு தன்னால் இயன்றதைச் செய்யவில்லை என்று சொல்வது நன்றி மறப்பதாகும். 2021 ஆகத்தில் 317 கோடி ரூபாய் மதிப்பில் வீடுகள், கல்வி உதவி, பிற நலன்கள் அறிவிக்கப்பட்டன. "அகதிகள் முகாம்" என்ற பெயரே மாற்றப்பட்டு, "மறுவாழ்வு முகாம்" ஆயிற்று. பள்ளியும் கல்லூரியும் அம்மக்களுக்குத் திறந்தே இருக்கின்றன. அதனால்தான் அவன் பட்டதாரி. ஆனால், படிக்கட்டு கட்டித் தந்தவர் மாநிலத்தார். மேல்மாடிக் கதவின் திறவுகோல் இருப்பதோ தில்லியில். ஏறி வந்தவன் கதவடியில் நிற்கிறான். மாநிலமெங்கும் முகாம்களில் உள்ளோர் ஏறத்தாழ 58,000 பேர். அவர்களுள் அவனைப்போலப் பட்டம் பெற்று நிற்கும் இளைஞர்தாம் எத்துணைப் பேர்!

"நம் பிள்ளைகளுக்கே வேலை இல்லை, இவர்களுக்கும் பங்கா?" என்று கேட்போர் உண்டு. நம்மிடமே அன்று ஒருவர் கேட்டார். நாம் விடை கூறுமுன், அங்கே நின்ற உப்பளத் தொழிலாளி, அந்தப் பெண்ணின் தந்தை, முந்திக்கொண்டார்: "அந்தப் பையன் சொல்லிக் குடுத்துத்தாங்க எம் பொண்ணு பாசாயிருக்கு. அவன் நெனச்சிருந்தா, 'எனக்கில்லாதது இவளுக்கு எதுக்கு'ன்னு இருந்திருக்கலாமே." அதற்குமேல் எவரும் பேசவில்லை. வெடித்த பாதங்களோடு நின்ற அந்த எழுத்தறியா மனிதரின் விடையினும் சிறந்த விடை நம் ஏடுகளில் இல்லை.

செருமனியில் பிறந்த ஹன்னா ஆரெண்ட் என்ற அறிஞர், இட்லரின் ஆட்சி வந்த 1933-இல் நாட்டை விட்டு ஓடினார். 1951-இல்தான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். இடைப்பட்ட காலத்தில் நாடற்றவராய் அலைந்த அவர் கண்ட உண்மை இது: மனித உரிமைகள் அனைத்துக்கும் முன்னே ஓர் உரிமை உண்டு, அஃது உரிமைகளைப் பெறுவதற்கான உரிமை. அஃதில்லாதவனுக்குப் பேச்சுரிமை, எழுத்துரிமை, தொழிலுரிமை எல்லாம் பிறர் வீட்டுப் பந்தியே. அந்த அறிஞரின் நூலைப் படித்து உணர வேண்டியதை, நான்கு போட்டித் தேர்வு நூல்களைத் திருப்பித் தந்து நமக்கு உணர்த்திவிட்டான் நம் மாணவன்.

பிறப்பினால் ஒருவனைத் தாழ்ந்தவன் என்பது மடமை என்று மேடைதோறும் முழங்குகிறோம். பிறந்த குலத்தைக் காட்டித் தடுப்பது கொடுமை என்றால், பிறந்த தேதியைக் காட்டித் தடுப்பது மட்டும் நேர்மையாகுமா? "யார் வயிற்றில் பிறந்தாய்?" என்று கேட்டுக் கதவை அடைக்கும் பழக்கம், கோயிலில் இருந்தால் என்ன, அலுவலகத்தில் இருந்தால் என்ன? பழக்கம் ஒன்றுதானே!

விழா நடந்து சில நாள்களுக்குப்பின் அவனைச் சாலையோரப் பேருந்து நிறுத்தத்தில் கண்டோம். புதுவையில் ஒரு தனியார் கடையில் கணக்கெழுதும் வேலை கிடைத்திருக்கிறது. வணிகவியலில் முதல் வகுப்பு பெற்றவன், ஊதியம் சொற்பம். "மாலையில் படிப்பகத்துக்கு வருவேன் ஐயா. அடுத்த தொகுதிக்குப் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். அந்த நூல்களை அலமாரியிலேயே வையுங்கள்" என்றான். வைத்திருக்கிறோம்.

இன்னொன்றும் செய்திருக்கிறோம். படிப்பகத்தில் ஒரு விண்ணப்பம் வைத்துள்ளோம். இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணிலேயே பயின்று, பட்டம் பெற்ற முகாம் இளைஞர்க்குக் குடியுரிமைக்கு வழி செய்க என்று ஒன்றிய அரசைக் கேட்கும் விண்ணப்பம். முதற்கையொப்பம் அந்த உப்பளத் தொழிலாளியுடையது, கையொப்பமன்று, கைநாட்டு. இரண்டாவது அவர் மகளுடையது. அவ்விரண்டின்கீழ் நம் பெயரை எழுதும் பேறு நமக்குக் கிட்டிற்று. தொகுதி உறுப்பினரிடம் அதனை நேரில் சேர்க்க இருக்கிறோம். முகாம் உள்ள ஊர்களில் பணியாற்றும் ஆசிரியத் தோழர்களை ஒன்று வேண்டுகிறோம்: மாணவனுக்கு வழிகாட்டுமுன், அவன்முன் எந்த வழி அடைபட்டிருக்கிறது என்பதைக் கேட்டறியுங்கள். நாம் கேட்கவில்லை, நான்கு ஆண்டுகள் கழித்து நாணினோம்.

அந்தப் பெண்ணுக்கும் மற்றையோர்க்கும் "சென்று வருக" என்று முழுவாயாற் சொல்லிவிட்டோம். அவனுக்கு இன்னும் சொல்லவில்லை. அந்த வாழ்த்தில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. "செல்க" என்பது ஆசிரியர் சொல்ல வேண்டியது. "வருக" என்பதோ நாடு சொல்ல வேண்டியது. நாடு அதனைச் சொல்லட்டும். அன்று, அதே படிப்பகத்தில், அதே இருபது நாற்காலிகளின்முன், பாதியில் நிறுத்திய நம் உரையை முடித்து வைப்போம்.